அக்குளில் வலிக்கும் கட்டி: தடவிப் பார்ப்பதிலிருந்து தழும்பு ஆறும் வரை

அக்குளில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருந்தால் போதும். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கக் கை எழாது. கையை இறக்கினால் கட்டி நசுங்கும். உடம்போடு ஒட்டாமல் கையைச் சற்று விலக்கி வைத்துக்கொண்டே நாள் முழுக்க நடக்க வேண்டியிருக்கும். கேட்பவரிடம் சொல்லவும் கூச்சம்.

எனக்கு முதல் கட்டி கல்லூரி இரண்டாம் ஆண்டில் வந்தது. "சூட்டுக் கட்டி, இளநீர் குடி" என்றார் பாட்டி. மருந்துக் கடையில் ஐந்து மாத்திரை தந்தார்கள். அடங்கியது. நான்கு மாதம் கழித்து, ஏறக்குறைய அதே இடத்தில் மறுபடியும் வந்தது. இப்படியே ஒன்பது வருடம் போன பிறகு ஒரு தோல் மருத்துவர், "இதுவரை மொத்தம் எத்தனை முறை வந்திருக்கிறது?" என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. நானும் எண்ணி வைத்ததில்லை. இந்த வழிகாட்டியின் அடிப்படையே அந்தக் கேள்விதான்: அக்குள் கட்டியைப் பொறுத்தவரை, அது பார்க்க எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போதெல்லாம் வந்தது என்பதே அதிகம் சொல்லும்.

முதல் படி: எந்த ஆழத்தில் இருக்கிறது?

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கையை உயர்த்தித் தோலைப் பாருங்கள். பிறகு கையை இறக்கித் தளர்த்திக்கொண்டு, மறு கையின் விரல் நுனிகளால் மெதுவாகத் தடவுங்கள். பலர் கையைத் தூக்கியபடியே தடவுவார்கள். அப்போது தசை இறுகிவிடுவதால் ஆழத்தில் இருப்பது கைக்குத் தட்டுப்படாது.

தோலின் மேலேயே, முடி வேரைச் சுற்றிச் சிவந்த சிறு கொப்புளங்கள், சிலவற்றின் தலையில் வெள்ளைச் சீழ் என்றால் அது பெரும்பாலும் முடி வேர் அழற்சி. சவரம் செய்த ஓரிரு நாளில் வரும். சவரம் செய்த முடி வெளியே வராமல் வளைந்து தோலுக்குள்ளேயே வளர்ந்தாலும் இதே போல் ஒரு முண்டு வரும். உற்றுப் பார்த்தால் உள்ளே கருப்பு இழை தெரியும். வியர்வைப் பூச்சு மருந்தோ புதிய சோப்போ ஒத்துக்கொள்ளாவிட்டால் கட்டி என்று தனியாக ஒன்று இருக்காது. அக்குள் முழுவதும் சிவந்து அரிக்கும்.

தோலோடு சேர்ந்து நகரும் ஒற்றைக் கட்டி, தொட்டால் சூடு, நாளுக்கு நாள் பெரிதாகி நடுவில் மஞ்சள் முளை கட்டுகிறது என்றால் அது நம் ஊரில் வேனற்கட்டி என்று சொல்லும் சாதாரணச் சீழ்க்கட்டி. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா முடி வேரின் அடிவரை இறங்கிவிட்டதன் விளைவு. கோடையில்தான் மாம்பழமும் வருகிறது, கட்டியும் வருகிறது. பழி மாம்பழத்தின் மேல் விழுந்துவிட்டது. உண்மையான காரணம் வியர்வையும் ஈரமும் உராய்வும்தான்.

பல மாதமாக வலியில்லாமல் கிடந்த ஓர் உருண்டை திடீரென்று சிவந்து வலிக்கிறதா? அதன் நடுவில் கரும்புள்ளி போல ஒரு துளை தெரிகிறதா? அது தோல் நீர்க்கட்டி. உள்ளே இருப்பது கொழுப்பு என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் அது உதிர்ந்த தோல் செல்களின் குழம்பு, அதனால்தான் அந்த நாற்றம். வீங்கியிருக்கும்போது அதை முழுதாக எடுக்க மாட்டார்கள். வீக்கம் வடிந்த பிறகு பையோடு சேர்த்து அகற்றுவார்கள். பை தங்கிவிட்டால் மறுபடியும் நிரம்பும்.

மேல் தோல் தனியாக வழுக்க, அதற்கு அடியில், ஆழத்தில், ரப்பர் உருண்டை போலத் தட்டுப்படுவது நிணநீர் முடிச்சு. இதைத்தான் பெரியவர்கள் நெறி கட்டுவது என்பார்கள். அக்குள் முடிச்சுகள் கை, மார்பகம், நெஞ்சுச் சுவர், முதுகின் மேற்பகுதி ஆகியவற்றிலிருந்து வரும் நிணநீரை வடிகட்டுபவை. அதனால் அங்கே நெறி கட்டினால் அக்குளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். விரல் நகக்கண்ணில் சீழ் இருக்கிறதா, கையில் முள் குத்திய காயமா, பூனை கீறியதா, அண்மையில் அந்தக் கையில் தடுப்பூசி போட்டீர்களா என்று தேடுங்கள். காரணம் ஆறினால் முடிச்சும் இரண்டு மூன்று வாரத்தில் சுருங்கும்.

நெறியைப் பற்றி இன்னும் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். வலிக்கும் முடிச்சு பெரும்பாலும் தொற்றால் வருவது. வலிக்காமல், கல் போலக் கெட்டியாக, அடியோடு ஒட்டி நகராமல் இருப்பதற்குத்தான் நாம் அதிகம் பயப்பட வேண்டும். மார்பகப் புற்றுநோய் சில சமயம் முதலில் அக்குளில்தான் தட்டுப்படும். நம் நாட்டில் காசநோயையும் மறக்கக் கூடாது. பல வாரமாக மெதுவாக வளரும் முடிச்சுகள், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், மாலையில் லேசான காய்ச்சல், உடல் இளைப்பு, பிறகு சூடில்லாமலேயே உடைந்து வழியும் சீழ். நுண்ணூசியால் உறிஞ்சி எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். நிணநீர் முடிச்சுக் காசநோய்க்கு வழக்கமாக 6 மாத சிகிச்சை.

கைக்குழந்தைக்கு இடது அக்குளில் முடிச்சு தெரிந்தால் பல பெற்றோர் கலங்கிப்போவார்கள். பிறந்தவுடன் இடது மேல்கையில் போடும் பிசிஜி ஊசியின் பின்விளைவாகச் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் அப்படி வரலாம். காய்ச்சல் இல்லாமல் குழந்தை நன்றாக இருந்தால் பெரும்பாலும் அது தானே அடங்கும். குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். ஆனால் யாரையும் அதைக் கீற விடாதீர்கள். கீறிய புண் மாதக்கணக்கில் ஆறாமல் வழியும். மென்மையாகிச் சீழ் கோத்தால் ஊசியால் உறிஞ்சுவதே முறை.

பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் நாளில் தாயின் இரு அக்குளிலும் மெத்தென்று வீங்கி வலிப்பதும் உண்டு. மார்பகத் திசுவின் ஒரு துண்டு அக்குள்வரை நீண்டிருக்கும் பெண்களுக்கு, பால் சுரக்கத் தொடங்கும்போது அதுவும் விம்மும். குளிர்ந்த துணி வைத்தால் இதம். அழுத்திப் பீய்ச்சினால் மேலும் சுரக்கும். இதே திசு மாதவிடாய்க்கு முன்பு சிலருக்கு வலிக்கும்.

பிறகு, பலரும் கோட்டைவிடும் இரண்டு.

ஒன்று, அக்கி. அக்குளில் தொடங்கி நெஞ்சை நோக்கியோ கையின் உட்புறமாகவோ ஒரே பக்கமாக எரிச்சல், மறுநாள் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள். சின்னம்மை வைரஸ் நரம்பில் உறங்கிக் கிடந்து மறுபடி எழுவது. அக்கி எழுதப் போவதைப் பற்றி எனக்குச் சண்டை ஒன்றுமில்லை, காவிக் குழம்பு குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் வைரஸ் மருந்து கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். முதலில் மருத்துவரிடம் போய் மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள், பிறகு உங்கள் விருப்பம்.

இன்னொன்று உண்ணிக் காய்ச்சல். தமிழ்நாட்டில் மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் அதிகம் வரும். நுண்ணிய பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். அது வலிக்காது, ஆனால் பக்கத்து முடிச்சுகள் வீங்கி வலிக்கும். அந்தப் பொருக்கு ஒளிந்துகொள்ளும் இடங்களே அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி. காய்ச்சலோடு அக்குள் வலி என்றால் சட்டையைக் கழற்றித் தேடச் சொல்லுங்கள். சரியான மருந்து கிடைத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும். விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாம் படி: வெந்நீர் ஒத்தடம்

சாதாரணச் சீழ்க்கட்டிக்கு வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஆனால் அதைப் பிடிவாதமாகச் செய்ய வேண்டும். சுத்தமான பருத்தித் துணியை, கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கட்டியின் மேல் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். ஆறினால் மறுபடி நனைக்க வேண்டும். நாளுக்கு மூன்று நான்கு முறை. வெந்நீரில் கல் உப்பு போடலாம், போடாமலும் இருக்கலாம். வேலை செய்வது சூடு. இரத்த ஓட்டம் கூடி, கட்டி சீக்கிரம் பழுத்துத் தானே உடையும் அல்லது அமுங்கும். பாட்டிமார் வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டிப் போட்டதிலும் வேலை செய்தது இந்தச் சூடுதான் என்பது என் எண்ணம். நீரிழிவால் உணர்வு மங்கியவர்கள் சூட்டை வேறொருவர் கையால் சோதித்துக்கொள்ளுங்கள்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். காய்ச்சலும் சேர்ந்து, ஊரில் டெங்கு பரவியிருக்கும் நேரமென்றால் ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளைத் தொடாதீர்கள். கட்டி உடைந்தால் சோப்பு நீரால் கழுவி, காஸ் துணி வைத்து மூடுங்கள். அக்குளில் பிளாஸ்திரி நிற்காது, வியர்வையில் ஒரு மணி நேரத்தில் சுருண்டு வந்துவிடும். தளர்வான பழைய பருத்திச் சட்டைக்குள் காஸை வைத்து, சட்டையிலேயே ஒட்டிவிடுவது எனக்குக் கைகொடுத்த வழி. துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். கட்டி இருக்கும்வரை அந்தப் பக்கம் சவரமும் வேண்டாம், வாசனைத் தெளிப்பானும் வேண்டாம்.

மூன்றாம் படி: செய்யக் கூடாதவை

பிதுக்காதீர்கள். அக்குள் தோல் மெல்லியது, அடியில் கொழுப்பு தளர்வானது. அழுத்தும்போது வெளியே வரும் சீழைவிட உள்ளே போவது அதிகமாக இருக்கலாம். ஊசியைத் தீயில் காட்டிக் குத்துவதும் இதே கதைதான்.

சுண்ணாம்பு தடவாதீர்கள். கட்டி உடையட்டும் என்று சுண்ணாம்போடு தேனோ மஞ்சளோ குழைத்துப் பூசுவது பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. சுண்ணாம்பு காரப் பொருள், தோலை வேக வைக்கும். கட்டி உடைந்தது என்று நாம் மகிழ்வது சில சமயம் தோல் வெந்து போனதைத்தான். பூண்டை நசுக்கி வைத்துக் கட்டுவதும் இப்படித்தான் புண்ணாக்கும்.

மூன்றாவதாக, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம்: மருந்துக் கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தரும் கலவைக் களிம்புகள். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து எல்லாம் ஒரே குழாயில் இருக்கும். தடவிய இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் குறைந்து, அற்புதம் போலத் தோன்றும். ஆனால் ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைத்தான் அடக்குகிறது. அடியில் தொற்று பரவும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, அக்குளில் அழியாத வரிக்கோடுகள் விழும். அதே போல, கடையில் வாங்கும் மூன்று நாள் ஆண்டிபயாட்டிக் கட்டியைப் பாதியில் அமுக்கிவிட்டு, அடுத்த முறை அந்த மருந்து வேலை செய்யாத நிலையைத்தான் உண்டாக்கும்.

நான்காம் படி: எப்போது கிளம்ப வேண்டும்

சிவப்பு வேகமாகப் பரவுகிறது, அக்குளிலிருந்து கையிலோ நெஞ்சிலோ சிவப்புக் கோடு ஓடுகிறது, நடுக்கத்தோடு காய்ச்சல், பார்ப்பதற்குச் சிறியதாக இருந்தும் தாங்க முடியாத வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றிரவே போங்கள். நீரிழிவு உள்ளவர்கள், கீமோ சிகிச்சை அல்லது ஸ்டீராய்டு மாத்திரையில் இருப்பவர்கள் காத்திருக்கவே வேண்டாம். மற்றவர்கள் ஒத்தடத்துக்கு நான்கைந்து நாள் தரலாம். ஆழத்து முடிச்சு மூன்று நான்கு வாரமாகியும் சுருங்கவில்லை, 1 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது என்றால் வலி போய்விட்டிருந்தாலும் காட்டியாக வேண்டும்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்? கட்டி பழுத்துத் தளும்பினால் மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு கீறல் வைத்துச் சீழை வெளியேற்றுவார்கள். வீங்கிய இடத்தில் மரப்பு ஊசி முழுதாகப் பிடிக்காது, அந்தச் சில நிமிடம் வலிக்கும் என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் சீழ் இறங்கிய உடனே கிடைக்கும் நிம்மதி வேறெந்த மாத்திரையிலும் கிடைக்காது. சீழைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று இரண்டு மூன்று நாளில் முடிவு வரும். இரத்தச் சர்க்கரையும் பாருங்கள். அடிக்கடி கட்டி வருகிறது என்று போய், நீரிழிவு இருப்பதை அன்றுதான் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் அது நீரிழிவு; மறுசோதனையில் உறுதிசெய்வார்கள்.

வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குக் கட்டி வந்தால், கிருமி யாருடைய மூக்கிலாவது குடியிருக்கலாம். அதற்கு மூக்கின் உட்புறம் முப்பிரோசின் களிம்பு நாளுக்கு இரு முறை, 5 நாள். உடன் குளோர்ஹெக்சிடின் கலந்த நீர்மத்தில் குளியல். மருத்துவர் சொன்னால் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: அதே இடத்தில் திரும்ப வருகிறதா?

ஆறு மாதத்துக்குள் இரண்டு முறைக்கு மேல், அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்பின் அடியிலோ பிட்டத்திலோ ஆழமான வலிக் கட்டிகள் வந்திருந்தால், அது தற்செயலாக வந்த வேனற்கட்டி அல்ல. ஹைட்ராடினைடிஸ் சப்புரடிவா என்ற நாட்பட்ட தோல் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு இருந்தது இதுதான்.

பிரெஞ்சு அறுவை மருத்துவர் வெல்போ 1839-இல் இதை எழுதி வைத்தார். 1854-இல் வெர்னூயி இதை வியர்வைச் சுரப்பியோடு இணைத்தார். பெயரின் பொருளும் வியர்வைச் சுரப்பியில் சீழ் பிடிப்பது என்பதே. பெயர் நிலைத்துவிட்டது, விளக்கம் நிலைக்கவில்லை. முடி வேரின் வாய் அடைத்துக்கொள்கிறது, உள்ளே வீங்கி வெடிக்கிறது, சிதறியதை உடலின் எதிர்ப்பாற்றல் அளவுக்கு மீறித் தாக்குகிறது என்பதே இன்றைய விளக்கம். ஆகவே இது அழுக்கால் வருவதல்ல. தொற்றிக்கொள்வதும் அல்ல. ஒன்பது வருடம் நான் நாளுக்கு மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தது கட்டிக்கு உராய்வை மட்டும் கொடுத்தது.

பூப்புக்குப் பிறகு, பெரும்பாலும் இருபதுகளில் தொடங்கும். புகைப்பழக்கமும் உடல் பருமனும் இதோடு நெருங்கிய தொடர்புள்ளவை. சிலருக்குக் குடும்பத்தில் வரும். ஒரே இடத்தில் இரட்டைக் கரும்புள்ளிகள், கயிறு போன்ற தழும்புகள், தோலுக்கடியில் ஒரு துளையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும் சுரங்கம் போன்ற பாதைகள் இதன் அடையாளங்கள். ஹர்லி என்பவர் 1989-இல் வகுத்த மூன்று நிலைகளை இன்றும் மருத்துவர்கள் கையாள்கிறார்கள்: தழும்போ சுரங்கமோ இல்லாத கட்டிகள் முதல் நிலை, இடைவெளி விட்டுத் திரும்பும் கட்டிகளோடு ஆங்காங்கே சுரங்கம் இரண்டாம் நிலை, அக்குள் முழுக்கச் சுரங்கங்கள் இணைந்துவிட்டது மூன்றாம் நிலை. உங்கள் எண்ணிக்கைக் கணக்கு பயன்படுவது இங்கேதான். முதல் நிலையில் கண்டுபிடித்தால் செய்யக்கூடியவை ஏராளம்.

லேசான நிலையில் 1 சதவீத கிளின்டாமைசின் திரவம் நாளுக்கு இரு முறை, பென்சாயில் பெராக்சைடு கழுவுநீர் (துண்டு வெளுத்துவிடும், வெள்ளைத் துண்டாக வைத்துக்கொள்ளுங்கள்), சில வாரங்கள் டாக்சிசைக்கிளின். இந்த மாத்திரையை ஒரு குவளை நீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், கருவுற்றவர்களுக்கு ஆகாது. அடங்காவிட்டால் கிளின்டாமைசினும் ரிஃபாம்பிசினும் சேர்த்துச் சுமார் 10 வாரம். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், பயப்படத் தேவையில்லை. ஆனால் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வலி உச்சத்தில் இருக்கும் ஒற்றைக் கட்டிக்கு உள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஓரிரு நாளில் வீக்கம் வடியும். கடைக் களிம்பைத் திட்டிவிட்டு ஸ்டீராய்டைப் புகழ்கிறேனே என்று கேட்கலாம். யார் கையில், எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் வேறுபாடு.

நடுத்தர, கடுமையான நிலைக்கு, மீறிய எதிர்ப்பாற்றலை அடக்கும் அடாலிமுமாப் ஊசி. அமெரிக்காவில் இந்த நோய்க்கு 2015-இல் ஒப்புதல் பெற்றது. செலவு அதிகம். இந்தியாவில் கிடைக்கும் மாற்றுத் தயாரிப்புகள் விலை குறைந்தவை, ஆனாலும் எளிதல்ல. தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோய்க்குச் சோதனை கட்டாயம், இந்த ஊசி அதைத் தட்டி எழுப்பிவிடும்.

அறுவை சிகிச்சையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த நோயில் வெறுமனே கீறிச் சீழ் எடுத்தால் அன்றைய வலி தீரும், ஆனால் கட்டி ஏறக்குறைய எப்போதும் திரும்பி வரும். சுரங்கத்தின் மேற்கூரையைத் திறந்து, அடித்தளத்தை விட்டுவிட்டு, தானே ஆற விடுவது வேறு முறை. அந்த இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறையும். எனக்கு இடது அக்குளில் இதைச் செய்தார்கள். புண் முழுதாக மூட ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் தலை வாரிவிட்டது தங்கைதான்.

சவரம் பற்றி, கடைசியாக

முடி வேர் அழற்சி மட்டும் உள்ளவர்கள் சவரத்தைச் சற்று மாற்றினாலே பாதி தீர்ந்துவிடும். குளித்து முடி மெத்தென்றான பிறகு, புதிய பிளேடால், முடி வளரும் திசையிலேயே, ஒரு முறை மட்டும் இழுங்கள். அக்குளில் முடி இரண்டு மூன்று திசையில் வளரும் என்பதால் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்ட வழிக்காதீர்கள். மெழுகு போட்டு வேரோடு பிடுங்குவது உள்வளரும் முடியை அதிகமாக்கும். கத்தரி அல்லது டிரிம்மரால் அரை சென்டிமீட்டர் விட்டுக் கத்தரிப்பதே பாதுகாப்பு. திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு லேசர் முடி நீக்கம் உதவும். நம் தோல் நிறத்துக்கு என்டி யாக் வகை லேசர் சூட்டுப் புண்ணைக் குறைவாக ஏற்படுத்தும் என்பதால், எந்த லேசர் என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

இன்று வந்திருக்கும் கட்டிக்கு ஒரு தேதி போடுங்கள். காலண்டரில் எந்தப் பக்கம் என்று இ அல்லது வ, மாதவிடாய் நாள், உடைந்ததா அமுங்கியதா. கட்டி வீங்கியிருக்கும்போதே செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்க முறை கிடைக்கும் நாளில் அது அடங்கிப் போயிருக்கும்.